கொப்பரைக்குள் கை விட்ட நாச்சம்மாள்

நாச்சம்மாள் இறந்துவிட்டார் என்று சொல்ல வந்தவரை நான் நம்பவில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் வியாபாரமாகக் கோயமுத்தூர் வந்தவர் அந்த மனிதர். வாசலில் நின்றபடியே செய்தியைச் சொன்னார். உங்களுக்கு யார் சொன்னது, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, எந்த வீதி நாச்சம்மாள் என்று நான் மாறி மாறிக் கேட்டதில், துக்கம் சொல்ல வந்த மனிதருக்கு என் மேல் கோபமே வந்துவிட்டது.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. போட்டி நாடகக் கம்பெனிக்காரர்கள் முன்பும் நாச்சம்மாளைச் சாகடித்திருக்கிறார்கள். ஸ்திரீபார்ட் நாச்சம்மாள் செத்துப்போனாள், இனி அந்தக் கம்பெனியில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஊர் ஊராகச் சொல்லிக் கூட்டத்தைக் கலைப்பார்கள். ஒரு தடவை நாங்கள் இருவரும் பல்லடத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அவருடைய மரணச் செய்தி வந்து சேர்ந்தது. நாச்சம்மாள் ரசத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. "எந்த வியாதீன்னு சொன்னாங்களாமுங்க?" என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தடவையும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அடுத்த உடுமலை பஸ்ஸில் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லை. என்ன காய்ச்சல், எந்த டாக்டர் பார்த்தார், கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவருடைய தங்கையை ஓரமாகக் கூட்டிப்போய் விசாரித்தேன். அந்தப் பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மழையோடு வந்த காய்ச்சல்தான். யாருடைய திட்டமும் அதில் இல்லை. நாச்சம்மாள் வாழ்க்கையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடந்த காரியம் அந்த ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதத் தூண்டியது துக்கம் மட்டுமல்ல. இரங்கல் கூட்டத்துக்கு அச்சடித்திருக்கும் நோட்டீஸில் அவரைக் 'கற்பின் கொழுந்து' என்று போட்டிருக்கிறார்கள். போட்டவர்களில் சிலரை எனக்குத் தெரியும். அவர் உயிரோடு இருந்த காலத்தில், எந்த வீட்டில் தங்கினார், யாருடைய வண்டியில் வந்து இறங்கினார் என்று துருவித் துருவி விசாரித்தவர்கள் அவர்கள். செத்த பிறகு கிடைக்கும் பட்டத்தை நான் அவ்வளவு சுலபமாக நம்புகிறவள் அல்ல.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் தாயம்மாள், ராஜபார்ட். 'பூரணவடிவு சரித்திரம்' நாடகத்தில் நாச்சம்மாள் பூரணவடிவு மகாராணி. நான் அவரைச் சந்தேகிக்கும் விசயகேது மகாராஜா. மேடையில் நான் அவரை 'அடி' என்றும் 'நீ' என்றும் விளித்தது வசனத்தில் அப்படி எழுதியிருந்ததால். மேடைக்கு வெளியே அவர் என்னைவிட இளையவராக இருந்தும் நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

எனக்கு ராஜபார்ட் கிடைத்த கதையே ஒரு சந்தேகத்தின் கதைதான். நாச்சம்மாளின் கணவர் சின்னச்சாமி மாட்டு வியாபாரி. சந்தை சந்தையாகப் போகிறவர். தம் மனைவியின் தோளை ஓர் ஆண் தொடுகிற நாடகம் வேண்டாம், ராஜாவாக ஒரு பெண் நடித்தால் மட்டும் அனுப்புகிறேன் என்று எங்கள் வாத்தியாரிடம் நிபந்தனை போட்டார். வாத்தியார்தான் கம்பெனி முதலாளி, நாடகத்தை எழுதியவரும் அவரே. தோழி வேஷம் கட்டிக்கொண்டிருந்த நான் உயரமாக இருந்தேன், குரலும் கனம். என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சின்னச்சாமி என்னை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். பேசச் சொன்னார். நான் சபைக் காட்சி வசனத்தைச் சொன்னேன்.

"கொரலு ஆம்பளக் கொரலாட்ட இருக்குதுங்களே" என்று அவர் வாத்தியாரிடம் இழுத்தார்.

பின்னால் நின்ற நாச்சம்மாள் நிதானமாகச் சொன்னார்: "பல்லையும் ஒருக்காப் பாத்துக்குங்க மாமா."

சின்னச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வேஷம் கிடைத்தது. நானும் நாச்சம்மாளும் சிநேகிதமானது அந்த நிமிஷத்தில்தான்.

கிரீடம் வைத்த பிறகு நான் தெரிந்துகொண்டவை சில. வேஷத்தோடு நிற்கும்போது, ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்கிற காண்ட்ராக்டர்கள் எனக்கு நாற்காலி போடுவார்கள், 'ராஜா வாங்க' என்பார்கள். முகம் கழுவிவிட்டு வந்தால் அதே மனிதர்கள் சமையல் ஆயிற்றா என்று கேட்பார்கள். நாச்சம்மாளுக்கு ராணி வேஷத்திலும் நாற்காலி வந்ததில்லை.

போகிற ஊரிலெல்லாம் கம்பெனிக்கு இரண்டு வீடுகள் பிடிப்பார்கள். ஆண்கள் தங்கும் வீட்டுக்குக் கதவே சாத்துவதில்லை. எங்கள் வீட்டை வெளியே பூட்டி, சாவியை வாத்தியார் இடுப்பில் சொருகிக்கொள்வார். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்பார். அவினாசியில் தங்கியபோது நாச்சம்மாள் ஒரு தச்சரை வரவழைத்துக் கதவின் உள்பக்கத்தில் தாழ்ப்பாள் போடச் சொன்னார். எதற்கு என்று வாத்தியார் கேட்டார். "வெளியில தொங்கறது உங்க பயத்துக்குங்க. எங்க பயத்துக்கு உள்ளார ஒண்ணு வேணுமுங்க" என்றார் நாச்சம்மாள். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியை இறக்குவோம்.

நாடகத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜா யுத்தத்துக்குப் போகிறான். திரும்பி வந்ததும், ராணி தன் முத்துமாலையை வேற்று ஆணுக்குக் கொடுத்தாள் என்று மந்திரி கோள் சொல்கிறான். ராஜா மந்திரியிடம் சாட்சி கேட்பதில்லை. ராணியிடம் கேட்கிறான். நிறைந்த சபையில் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையை வைத்து, உள்ளே கை விடு, நீ உத்தமி என்றால் கை வேகாது என்கிறான். அவள் கை விடுகிறாள். கையில் தாமரைப் பூவோடு வெளியே எடுக்கிறாள். கொட்டகை முழுவதும் அழும். ராணி ராஜாவின் காலில் விழுவாள், அவன் தூக்கி அணைத்துக்கொள்வான், மங்களம்.

இதற்கு நடுவே மூன்றாவது காட்சி ஒன்று உண்டு. யுத்தத்துக்குப் போன ராஜா, காட்டில் ஒரு வேடர் குலத்துப் பெண்ணைக் கண்டு மயங்கி அவளோடு சில காலம் தங்குகிறான். அந்தக் காட்சியில் எனக்கு ஒரு காதல் பாட்டு. ஒன்ஸ்மோர் கிடைக்காத ஊர் கிடையாது. ஒத்திகையின்போது ஒரு நாள் நாச்சம்மாள் வாத்தியாரிடம், அந்தக் காட்டுப் பெண்ணைப் பற்றி ராஜாவிடம் யார் விசாரிப்பது என்று கேட்டார். அது சிருங்கார ரசம் அம்மா, அதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்றார் வாத்தியார். நாச்சம்மாள் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "அக்கா காட்டுக்குப் போனா ரசம். நான் ஊட்டுல இருந்தா எண்ணெயுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் அன்று மாலை ஆட்டத்தில் வழக்கம்போலக் கொப்பரைக்குள் கை விட்டார், வழக்கம்போலக் காலில் விழுந்தார். வேலை அதுதானே.

பீளமேட்டில் மில்களுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு ஆடிக்கொண்டிருந்த சமயம் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் மில் தொழிலாளிகள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள். பெண்களும் நூற்பு வேலைக்குப் போய்ச் சம்பளத்தோடு வீடு திரும்புகிற ஊர். அந்த ஊரில் எங்கள் நாடகத்துக்கு ஏன் அவ்வளவு கூட்டம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. முன் பெஞ்சு ஆண்கள் மற்ற காட்சிகளில் பீடி பிடிப்பார்கள், பேசுவார்கள். கொப்பரை மேடைக்கு வந்ததும் மட்டும் அசையாமல் உட்காருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷிப்டு ஆட்களுக்காக அன்று பகல் ஆட்டம். நாங்கள் முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் மாரக்காள் என்றாள், மில்லில் வேலை பார்க்கிறவள். வலது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். நாச்சம்மாளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். இப்படித் தனியாகப் பேச வந்தவர்களால் பட்டிருக்கிறோம். யார் அனுப்பினார்கள் என்று நான் மிரட்டலாகக் கேட்டேன். நாச்சம்மாளும் முகம் கொடுக்காமல் கண்ணாடியைப் பார்த்தபடி, என்ன விஷயம் என்றார்.

அந்தப் பெண் முந்தானையை விலக்கினாள். மணிக்கட்டு வரை துணிச்சுற்று. துணிக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஷிப்டு முடிந்து தாமதமாக வந்ததற்காகப் புருஷனுக்குச் சந்தேகம். எங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போன அவன், மறுநாள் அடுப்பில் எண்ணெயைக் காய வைத்திருக்கிறான்.

அவள் அழவில்லை. கணக்குப் புரியாமல் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். "உங்க கை வேகுலீங்க. நான் முன்னால உக்காந்து பாத்தனுங்க. என்ர கை வெந்துபோச்சுங்க. அப்ப நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

நாச்சம்மாள் கண்ணாடியைக் கீழே வைத்தார். பாதி வர்ணம் பூசிய முகத்தோடு எழுந்து, அந்தப் பெண்ணின் இடது கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். சாமான்களுக்கு நடுவில் கொப்பரை தயாராக இருந்தது. புகைக்குச் சாம்பிராணிச் சட்டி பக்கத்தில் இருந்தது. துணியில் செய்த தாமரை கொப்பரையின் அடியில் கிடந்தது. மாரக்காளின் நல்ல கையைத் தம் கையோடு சேர்த்துத் தண்ணீருக்குள் விட்டார். சில்லென்ற கிணற்றுத் தண்ணீர். இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தன.

மாரக்காள் கையை எடுத்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இதை அவருக்குக் காட்டுவீங்களா? இன்னைக்கும் ஆட்டத்துக்கு வருவாருங்க."

"காட்டறேன் அம்மணி" என்றார் நாச்சம்மாள்.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்டபோது அவர் மீதி வர்ணத்தைப் பூச உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் காட்சி வரும்வரை ஒரு வசனத்தையும் மாற்றாமல் நடித்தார். கொப்பரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். புகை எழுந்தது. நான் சிங்காசனத்தில் இருந்தபடி, 'இறக்கடி கையை' என்று கர்ஜித்தேன். நாச்சம்மாள் கொப்பரை அருகே வந்து நின்றார். பாட வேண்டிய விருத்தத்தைப் பாடவில்லை. ஆர்மோனியம் காத்திருந்து காத்திருந்து ஓய்ந்தது.

"மகாராஜா, தாங்கள் வனத்தில் இருந்த காலமெல்லாம் நான் அரண்மனையில் இருந்தேன். நான் அரண்மனையில் இருந்த காலமெல்லாம் தாங்கள் வனத்தில் இருந்தீர்கள். கொப்பரை ஒன்றுதான் இருக்கிறது. முதலில் தங்கள் கை இறங்கட்டும்."

வாத்தியார் திரைக்குப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை வீசினார். தொடர்ந்து பேசு என்று அர்த்தம். எதைத் தொடர்வது? ஒரு கணம் எனக்கு நாச்சம்மாள் மேலேயே சந்தேகம் வந்தது. இந்த ஆட்டத்தைக் கெடுத்து என்னையும் தெருவில் நிறுத்தப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். இறங்கி அவர் அருகில் போனேன். எனக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொன்னார்: "கையை உடுங்கக்கா. தண்ணிதானுங்க."

விட்டேன். பட்டுச் சட்டையின் கை முழங்கை வரை நனைந்தது. எடுத்து மேலே தூக்கினேன். பகல் வெளிச்சத்தில் தண்ணீர் சொட்டுவது கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும். நாச்சம்மாள் இரண்டு கையாலும் கொப்பரையிலிருந்து அள்ளி முன் பெஞ்சின் மேல் வீசினார். எண்ணெய் என்று நினைத்து ஆண்கள் அலறிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கையைப் பார்த்தார்கள்.

நாச்சம்மாள் ராணியின் பாஷையை விட்டுவிட்டார். "தண்ணிங்க இது. நான் உத்தமியா இல்லையான்னு இதுக்குத் தெரியாதுங்க. ஊட்டுல எண்ணெயக் காய வெச்சீங்கன்னா ஆரு கையா இருந்தாலும் வேகுமுங்க. என்ர கையும் வேகுமுங்க."

பெண்கள் பக்கத்தில் யாரும் கை தட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அதற்குள் வாத்தியார் திரையை இறக்கிவிட்டார்.

அன்று சாயங்காலமே நாச்சம்மாளைக் கம்பெனியை விட்டு அனுப்பினார்கள். ராஜாவின் மேல் குற்றமில்லை, ராணி பேசியதற்கு அவன் என்ன செய்வான் என்று வாத்தியார் எனக்குச் சலுகை காட்டினார். குற்றத்திலும் எனக்கு நாற்காலி! நாச்சம்மாளுடைய பெட்டியோடு என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். சின்னச்சாமி சந்தையிலிருந்து ஓடிவந்தார். ஆட்டம் கெட்டதைவிட அவரை அரித்தது வேறு கேள்வி. "ஆரு சொல்லிக் குடுத்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஏதோ ஓர் ஆண் பின்னால் இருந்துதான் இப்படிச் செய்யவைத்திருக்க வேண்டும் என்று அவருக்கு நிச்சயம்.

"கை வெந்தவ சொல்லிக் குடுத்தா மாமா" என்றார் நாச்சம்மாள். அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் எங்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றியது அவர்தான்.

வாத்தியார் வேறொரு ராணியையும் வேறொரு ராஜாவையும் தேடிப் பிடித்து நாடகத்தைத் தொடர்ந்து நடத்திப் பார்த்தார். கொப்பரை மேடைக்கு வந்தவுடன், பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது "தண்ணி" என்று குரல் கொடுப்பார்களாம். பிறகு பத்துக் குரல். சிரிப்பில் ராணி கை விடவே முடியாது. சிங்காநல்லூரில் அப்படி, சூலூரில் அப்படி. கடைசியில் அந்த நாடகத்தையே அவர் நிறுத்திவிட்டார். எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று காரணம் சொன்னதாகக் கேள்வி.

இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் மாரக்காளின் கதை நாங்கள் நினைத்தபடி முடியவில்லை. அடுத்த வருஷம் நானும் நாச்சம்மாளும் சிறு குழுவாகச் சேர்ந்து சோமனூரில் ஆடப் போனபோது அவள் எங்களைத் தேடி வந்தாள். புருஷனை விட்டுவிட்டு அங்கே நெசவு செய்யும் அண்ணன் வீட்டில் இருந்தாள். மடங்காத விரல்களோடு நூல் சுற்றும் வேலை செய்தாள். பீளமேட்டில் அன்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவள் புருஷன் சொன்னானாம்: அங்கே இருந்தது தண்ணீர், அதனால் வேகவில்லை. நம் வீட்டில் இருந்தது நிஜ எண்ணெய், நிஜம் தெரிந்துவிட்டது.

நாச்சம்மாள் அவளுடைய வலது கையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "நீ என்ன சொன்னே கண்ணு?" என்று கேட்டார்.

"ஒண்ணுஞ் சொல்லுலீங்க. பொறப்பட்டு வந்துட்டனுங்க."

அவள் போன பிறகு நாச்சம்மாள் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "காட்டுனா தெரிஞ்சுக்குவான்னு நெனச்சனுங்கக்கா. அவனுக்குத் தெரியாம இல்லீங்க. தெரிஞ்சே கேக்கறானுங்க." கேள்வி கேட்கிறவனுக்கு எப்போதுமே பதில் வேண்டியிருக்கும் என்று நம்புவதை நான் அன்றோடு விட்டேன்.

பிறகு டாக்கி எடுக்கிறவர்கள் வந்தார்கள். பூரணவடிவு கதையையே படமாகப் பிடிக்கப் போவதாகவும், நிஜ நெருப்பு, நிஜக் கொப்பரை, தந்திரத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் பெருமையாகச் சொன்னார்கள். கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் தமக்குப் பயம் என்று சொல்லி நாச்சம்மாள் காபி கொடுத்து அனுப்பினார். அந்தப் படத்தில் நடித்திருந்தால் இன்று இந்த ஜில்லாவுக்கு வெளியேயும் அவர் பெயர் தெரிந்திருக்கும். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை என்று எழுத எனக்கு ஆசை. வருத்தப்பட்டார். சினிமாக் கொட்டகை பக்கம் போனால் நடையை எட்டிப் போடுவார்.

இரங்கல் கூட்டக்காரர்கள் என்னை ராஜா வேஷத்தில் வந்து ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறவர்கள் பட்டியலில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. நான் சேலையில் வருவேன், பாடமாட்டேன், பேசுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வராமல் போகவும் கூடும்.

காய்ச்சலுக்குச் சில வாரங்கள் முன்பு நான் உடுமலை போயிருந்தேன். புதிதாக ஒருவர் எழுதிக் கொடுத்த நாடகத்தை நாச்சம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். எண்ணெய் இல்லை, கொப்பரை இல்லை, நவீனமான நாடகம். கடைசிக் காட்சியில் ராஜா தன் பிழையை உணர்ந்து கண்ணீர் விட்டு, ராணியை மன்னித்து ஏற்றுக்கொள்கிறான். உருக்கமாக இருக்கிறதல்லவா என்று கேட்டேன்.

நாச்சம்மாள் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "பிழை அவருதுங்கறாங்க. அப்பறம் அவரு எதுக்குங்கக்கா மன்னிக்கறாரு?" என்றார்.

நான் இரண்டு தடவை படித்திருந்தேன். என் கண்ணில் படவில்லை. கோயமுத்தூர் திரும்பியதும் அதே கேள்வியை ஆசிரியரிடம் கேட்டேன். வழக்கம் அதுதான் என்றார், ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள் என்றார், கொஞ்சம் கோபித்துக்கொண்டார். மறுநாள் அவரே வந்து அந்த வரியை அடித்துக் கொடுத்தார்.

நாச்சம்மாளிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்தக் கேள்வி. அதைக் கேட்டு, பதில் வாங்கிய பிறகுதான் இனி எந்த வேஷத்துக்கும் சம்மதம் சொல்வேன்.